ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை நம்பிப் பிழைக்க முடியுமா? ராயபுரத்து அப்பா ஒருவருக்கு விரிவான பதில்

ராயபுரத்தில் இருக்கும் ஒரு அப்பா கேட்டிருப்பது இது. மகளுக்கு 17 வயது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் வயலின் 7-ம் கிரேடு முடித்திருக்கிறாள், ஞாயிறுதோறும் சர்ச் கொயரோடு வாசிக்கிறாள். இன்னொரு வயலின், ஒரு செல்லோ என்று தோழிகள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். நால்வர் குழு அமைத்து அதையே தொழிலாக்க வேண்டும் என்கிறாள். வருமானம் எங்கிருந்து வரும், வெளிநாடு போனால்தான் உண்டா, காலேஜை என்ன செய்வது, இப்போதே விலை கூடிய வயலின் வாங்கித் தர வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, தாழ்ந்த குரல்), ஒரு செல்லோ சேர்ந்த குவார்ட்டெட்டில் யாரும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் காலியிடம் வரும், தேர்வு வைப்பார்கள், ஜெயித்தால் மாதச் சம்பளம். குவார்ட்டெட்டில் காலியிடம் என்பதே அபூர்வம். நான்கு பேர் கூடித் தொடங்கி, பல வருடம் கைக்காசு போட்டு வளர்க்கும் சிறு தொழில் அது. உலகப் புகழ் பெற்ற குழுக்களுக்கும் கச்சேரிப் பணம் மட்டும் போதுவதில்லை. 1975-ல் புடாபெஸ்டில் தொடங்கிய டக்காச் குவார்ட்டெட் 1980-களிலிருந்து அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அங்கே சொல்லிக்கொடுப்பதற்கு ஊதியம், மிச்ச நாட்களில் சுற்றுப்பயணம். புடாபெஸ்ட் குவார்ட்டெட் 1940 முதல் 1962 வரை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் ஆஸ்தானக் குழுவாக இருந்தது. வாசித்ததும் நூலகத்துக்கு நன்கொடையாக வந்த ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களைத்தான். அதற்குப் பிறகு அந்த இடம் ஜூலியார்ட் குவார்ட்டெட்டுக்குப் போனது. அடிப்படை வருமானம் ஒரு நிறுவனத்திலிருந்து, பேரும் புகழும் மேடையிலிருந்து. பல பத்தாண்டுகளாக இந்தத் தொழில் நடக்கும் விதம் இதுதான்.

நம்மூரில் அப்படி ஒரு குவார்ட்டெட்டை அமர்த்திச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த அடிப்படையை உங்கள் மகளும் தோழிகளும் தாங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். மேற்கத்திய நால்வர் அமைப்பில் கர்நாடக உருப்படிகளை வாசித்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் முதல் வயலின் வி.எஸ்.நரசிம்மன், செல்லோ வி.ஆர்.சேகர். இருவரும் சினிமா ரெக்கார்டிங்கில் பல்லாண்டு ஊறியவர்கள். ஸ்டூடியோ சோறு போட்டது, குவார்ட்டெட் அதன் பக்கத்தில் வளர்ந்தது.

சென்னையில் இன்று மூன்று வழியில் காசு வருகிறது: கல்யாணம் மற்றும் கம்பெனி விழாக்கள், ஸ்டூடியோ கால்ஷீட், பாடம் சொல்லிக்கொடுத்தல். கல்யாணக் கணக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதுக் குழுக்கள் ஏமாறுவது அங்கேதான். ஒரு ரிசப்ஷனுக்கு 40,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். மைக், ஸ்பீக்கருக்கு 6,000. செல்லோவை ஆட்டோவில் நிமிர்த்தி வைக்க முடியாது, பீக் நேரத்துப் பஸ்ஸில் ஏற்றவும் முடியாது; கார்தான், அதற்கு 4,000. மிச்சம் 30,000-ல் குழுவின் பொதுப் பணத்துக்குப் பத்தில் ஒன்று போனால் 27,000. தலைக்கு 6,750. இதற்கு மூன்று மணி நேர ஒத்திகை இரண்டு, கல்யாண நாளில் போக வர, காத்திருக்க, வாசிக்க ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் பதினொரு மணி நேரம். மணிக்கு 600 சொச்சம். அதிலும் கம்பெனிக்காரர்கள் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு தரலாம். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். நால்வருக்கும் பான் கார்டு இப்போதே இருக்கட்டும். பேசிய தொகையில் பாதியை முன்பணமாக வாங்காமல் தேதி கொடுக்கக் கூடாது. ஒரே உருப்படிகளைத் திரும்ப வாசிக்கும்போது ஒத்திகை நேரம் சுருங்கும், மணிக்குக் கிடைக்கும் தொகை ஏறும். அதனால் சுமார் 40 உருப்படிகள் கொண்ட ஒரு ஃபைலைத் தயார் செய்வது முதல் வருடத்தின் முக்கிய வேலை. பாதி மேற்கத்தியம், பாதி சினிமாப் பாட்டு. ராயபுரம், பெரம்பூர் பக்கத்துச் சர்ச் கல்யாணங்களில் ஊர்வலத்துக்கு பாகெல்பெல்லின் கேனன் கேட்பார்கள். மணப்பெண் நடந்து முடிக்கும் நேரத்தில் எந்த இடத்திலும் நிறுத்த வசதியாக, முடிக்கக்கூடிய இடங்களை நான்கு பேர் காகிதத்திலும் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் திறந்தவெளி என்றால் நோட்ஸ் காகிதம் பறக்கும். துணி கிளிப்பும், கனமான ஸ்டாண்டும் தேவை.

இன்னொரு விஷயம். கல்யாணத்திலும் அதைச் சார்ந்த சடங்கு, ஊர்வலத்திலும் சினிமாப் பாட்டு வாசிப்பதற்கு நம் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதே பாட்டை வீடியோவாக யூடியூபில் ஏற்றுவதற்கோ, ஓட்டலில் நடக்கும் வேறு விழாக்களில் வாசிப்பதற்கோ அந்த விலக்கு பொருந்தாது.

ஸ்டூடியோவில் எதிர்பார்ப்பது வேறு. நோட்ஸைக் கையில் கொடுத்து ஓரிரு முறையில் டேக் கேட்பார்கள், காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓடும். நான்கு பேரே இரண்டு மூன்று தடவை வாசித்து, பன்னிரண்டு பேர் வாசித்தது போலச் சேர்ப்பதும் உண்டு. அப்போது ஒவ்வொரு தடவையும் உட்காரும் இடத்தை மாற்றி, கூடுமானால் வாத்தியத்தையும் மாற்றி வாசிக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி பெருகாமல் குழாய்க்குள் பாடியது போலக் கேட்கும். சைட் ரீடிங், அதாவது நோட்ஸைப் பார்த்த உடனே வாசிக்கும் திறன், இல்லாதவரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். தினமும் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, நிற்காமல், தவறு வந்தாலும் திரும்பாமல் வாசித்துப் பழகுவதுதான் இதற்கு மருந்து.

பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் மாதாமாதம் நிச்சயமாக வரும் வருமானம். மாதம் 2,500 கட்டும் 15 பிள்ளைகள் இருந்தால் 37,500. கல்யாணத்தில் அதே பணம் வர ஐந்து ரிசப்ஷனுக்கு மேல் வேண்டும். வடசென்னையில் மேற்கத்திய வயலின் கற்க விரும்பும் பிள்ளைகளில் பலர் இன்னும் தெற்கே போய்த்தான் படிக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒழுங்காக நடக்கும் ஒரு வகுப்புக்கு இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் வாரத்தில் ஐந்து மாலையும் வகுப்பு வைத்துவிட்டால் ஒத்திகை செத்துப்போகும். மூன்று மாலை வகுப்பு, மற்ற இரண்டில் ஒத்திகை என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி தரம். 7-ம் கிரேடு நல்ல உழைப்பின் பலன், மறுக்கவில்லை. ஆனால் 8-ம் கிரேடு என்பது தொழிலின் வாசலுக்கும் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல் என்று மூன்று டிப்ளமோக்கள்; எல்டிசிஎல் சுமாராகப் பட்டப்படிப்பின் கடைசி வருடத் தரம். ஐரோப்பியக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் பாக்கின் தனி வயலின் படைப்பிலிருந்து ஒரு பகுதி, மோட்சார்ட்டின் ஒரு கான்செர்ட்டோ, ஒரு எட்யூட் (நுட்பப் பயிற்சிக்கென எழுதிய உருப்படி) என்று கேட்பது வழக்கம். கிரேடு பரீட்சைக்கு மூன்று உருப்படியை ஒரு வருடம் தேய்ப்பது இந்தத் தயாரிப்பாகாது. கிராய்ட்சரின் 42 எட்யூட்களை ஒழுங்காக முடித்து ரோடின் 24 கப்ரீஸுக்குப் போக வேண்டும். மூன்று ஆக்டேவ் ஸ்கேல், ஆறாவது, மூன்றாவது, ஆக்டேவ் இடைவெளிகளில் இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிப்பது ஆகியவை தினசரி வேலையாக வேண்டும். நாளுக்கு நான்கு மணி நேரம், அதுவும் ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கையை இறக்கி. இடது தோளிலோ மணிக்கட்டிலோ வலி தொடங்கியபின் பல்லைக் கடித்து வாசிப்பவர்கள் மாதக்கணக்கில் வில்லைத் தொட முடியாமல் போவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

தோழிகளில் யாராவது கர்நாடக வயலினிலிருந்து வருபவர் என்றால், அவருக்குக் காது ஏற்கெனவே தயார். பிடிப்பையும் வில்லையும்தான் மாற்ற வேண்டும்: தரையில் உட்கார்ந்து கணுக்காலில் தாங்கி வாசித்த கைக்கு, தாடையும் தோளும் வாத்தியத்தைத் தாங்க விரல் சுதந்திரமாகப் பொசிஷன் மாறுவது புதிது. தந்தி சேர்ப்பதும் ஸ-ப-ஸ-ப அல்ல, ஜி-டி-ஏ-ஈ. இந்த இரண்டு மரபும் முதலில் கைகோத்த இடங்களில் ஒன்று நம் மணலிதான். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே இருந்த காலத்தில்தான் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக மேடைக்கு வயலின் வந்த கதையில் வடசென்னைக்கு இருக்கும் பங்கு இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் நாலாவது ஆள் இல்லை என்பதைக் கவனித்தேன். வியோலா. சென்னையில் வயலின் வாசிப்பவர்கள் நிறைய, வியோலா வாசிப்பவர்கள் மிகக் குறைவு. எந்தக் குழுவுக்கும் இந்த ஆள்தான் கிடைக்காது. உங்கள் மகள் வியோலாவையும் கற்றுக்கொள்ளட்டும் என்பது இந்தப் பதிலில் நான் சொல்லும் மிகப் பயனுள்ள யோசனை. புது வயலின்காரரை தேடும் குழு சிலதான், வியோலா தேடும் குழுவும் ஸ்டூடியோவும் எப்போதும் உண்டு. வியோலாவுக்கு நோட்ஸ் எழுதும் முறையான ஆல்டோ கிளெஃப் படிக்கப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். தந்தி தடிமன், சத்தம் எழத் தாமதமாகும், வில்லின் எடையை முழுக்க இறக்க வேண்டும். அவசரத்துக்கு வயலினிலேயே வியோலா தந்தி மாட்டித் தரும் கடைகள் உண்டு, வேண்டாம். 14 அங்குல உடலில் சி தந்தி தொளதொளவென்று கிடக்கும். 15 முதல் 16 அங்குலத்துக்குள் கைக்கு எட்டுவதைப் பார்த்து எடுங்கள்.

ஒத்திகையைப் பற்றிப் பேசாமல் குவார்ட்டெட்டைப் பற்றிப் பேச முடியாது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முதல் சிக்கல் சுருதி. செல்லோவின் தாழ்ந்த சி தந்தியை ஸட்ஜமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சி-ஜி-டி-ஏ-ஈ என்று நான்கு சுத்தமான பஞ்சமம் ஏறினால் வயலினின் ஈ தந்தி வருகிறது. அது அந்த ஸட்ஜத்தின் அந்தர காந்தாரமாக இனிமையாகச் சேர வேண்டும். சேராது. ஏறக்குறைய 22 சென்ட் கூடுதலாக நிற்கும். ஒரு அரைச் சுரம் 100 சென்ட் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஒவ்வொருவரும் தனித்தனியே சரியாகச் சேர்த்திருந்தும் நால்வர் சேர்ந்து சி மேஜர் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசிக்கும்போது காது கூசுவது இதனால்தான். பஞ்சமங்களை மயிரளவு நெருக்கமாக, அதாவது செல்லோவின் சி, ஜி தந்திகளை லேசாக ஏற்றிச் சேர்ப்பதே வழக்கமான தீர்வு. டியூனர் ஆப்பைப் பார்த்து நால்வரும் தனித்தனியே சேர்த்தால் இது பிடிபடாது. செல்லோவிடமிருந்து ஏ-யை வாங்கி, அதற்குப் பிறகு நான்கு தாழ்ந்த தந்திகளையும் சேர்த்து ஒலிக்க விட்டுக் கேட்க வேண்டும். கார்டு பழகும்போது வைப்ரேட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவிடுவது) இல்லாமல் செல்லோ அடிச்சுரம் பிடிக்க, அதன் மேல் ஆக்டேவ், பிறகு பஞ்சமம், காந்தாரம் கடைசியில். காந்தாரம் வைத்திருப்பவர்தான் அசைந்து கொடுக்க வேண்டும், அடிச்சுரக்காரர் அல்ல.

இரண்டாவது சிக்கல், நடை. வேகம் ஓடினால் எல்லோரும் முதல் வயலினைப் பார்ப்பார்கள். தப்பு பெரும்பாலும் இரண்டாம் வயலினும் வியோலாவும் வாசிக்கும் உள் குரல்களில் இருக்கும். அங்கே விடாமல் ஓடும் குறுஞ்சுரங்கள்தான் தாளம். அவர்கள் இருவரையும் மட்டும் மெட்ரோனோமோடு வாசிக்கவைத்து, அதன்மேல் மற்ற இருவரும் ஏறி வாசிப்பது நல்ல பயிற்சி. தொடக்கத்துக்கு சமிக்ஞை தருபவர் மூச்சு எடுப்பதே தாளத்தில் இருக்க வேண்டும். சும்மா தலையை ஆட்டினால் நான்கு பேரும் நான்கு வேகத்தில் தொடங்குவார்கள்.

எடுத்த எடுப்பில் பீத்தோவனுக்குப் போக வேண்டாம். மோட்சார்ட் பதினாறு பதினேழு வயதில் எழுதிய தொடக்க காலக் குவார்ட்டெட்கள், ஹெய்டனின் 68 குவார்ட்டெட்களில் ஓபஸ் (படைப்பு எண்) 33, பிறகு ஓபஸ் 76, அதற்குப் பிறகு த்வோராக் 1893-ல் எழுதிய 'அமெரிக்கன்' குவார்ட்டெட். இவற்றின் நோட்ஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பழைய பதிப்புகளில் பதிப்பாசிரியர்கள் தம் இஷ்டத்துக்கு வில் குறிகளைச் சேர்த்திருப்பார்கள், நான்கு பேருக்கும் ஒரே பதிப்பா என்று பார்த்துக்கொள்ளவும். தம் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருவது பெரிய குறை. முழு ஸ்கோரை நால்வரும் படித்திருக்க வேண்டும். இருவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம் என்று கருத்து பிரிந்தால் வாதம் வளர்க்காமல் இரண்டு விதமும் வாசித்து போனில் பதிந்து, மறுநாள் கேட்டு முடிவெடுங்கள். எமர்சன் குவார்ட்டெட் 1976-லிருந்து 2023 வரை நீடித்தது. அதில் வயலின்கள் இரண்டும் முதல் இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டன. தோழிகளுக்குள் யார் முதல் என்ற மனத்தாங்கல் வராமலிருக்க இது நல்ல ஏற்பாடு.

வெளிநாட்டுப் படிப்பு. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தைப் போலச் சில இடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். செலவு தங்குவதில் இருக்கிறது. விசாவுக்கு முன்பே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. ஜெர்மன் மொழித் தேர்வும் தேவை. சில கல்லூரிகளில் நான்கு பேரும் ஒரே குழுவாகச் சேரும் முதுநிலைப் படிப்பு உண்டு. எனவே பட்டப்படிப்பு வரை இங்கே இருந்து, குழுவாகத் தேறி, முதுநிலைக்கு நால்வரும் சேர்ந்து முயல்வது அர்த்தமுள்ள திட்டம். இங்கே என்றால் 2008-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதன் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா இலவசப் பயிற்சி தருகிறது. முழுநேர ஆர்க்கெஸ்ட்ரா வேலை என்றால் 2006-ல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத்தான் பார்க்க வேண்டும். பி.காம். படிப்பதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. காலைக் கல்லூரியாகப் பாருங்கள், மதியம் முழுக்க வாத்தியத்துக்குக் கிடைக்க வேண்டும். குழுவின் கணக்கு எழுத ஒருவருக்காவது தெரிந்திருப்பதும் நல்லதுதான்.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை நண்பர்கள் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் ஆடுபான் குவார்ட்டெட் 2000-ல் தன் முதல் வயலின்காரரை வெளியேற்றியது. அவர் நீதிமன்றம் போனார். மற்ற மூவரும் பெருந்தொகை தர வேண்டும் என்று தீர்ப்பாகி, அவர்கள் வாத்தியங்களையே இழக்கும் நிலைக்கு வந்தார்கள். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்வது நம் நாட்டில் சுலபம். பதிவு செய்யாத கூட்டாண்மை, பணம் தராமல் இழுத்தடிப்பவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், விலகுபவர் எத்தனை மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும், ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை யார் முடித்துக்கொடுப்பது, பொதுப் பணத்தில் வாங்கிய நோட்ஸும் மைக்கும் யாரிடம் இருக்கும், புது ஆளுக்கு எத்தனை மாதம் பரீட்சார்த்தம், திருமணமாகி ஊர் மாறினால் என்ன, இவை எல்லாம் அதில் வர வேண்டும். வெளியூர் நிகழ்ச்சி பேசும்போது விமானத்துக்கு ஐந்து டிக்கெட் கேளுங்கள். செல்லோவைச் சரக்கில் போட முடியாது, அதற்கு ஒரு சீட். வெளிநாடு என்றால் கிளம்பும் விமான நிலையத்திலேயே வாத்தியத்துக்குச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது வரி கேட்க மாட்டார்கள். பழைய வில்லின் நுனியில் யானைத் தந்தம் இருந்தால் அதை எடுத்துப் போகவே வேண்டாம், எல்லையில் பறிமுதலாகலாம்.

கடைசியாக அந்த விலை கூடிய வயலின். இப்போது வேண்டாம் என்பேன். அவள் வியோலா பக்கம் போகலாம், முதுநிலைக்குப் போகும்போது ஆசிரியரே வாத்தியம் தேர்ந்து தரலாம். இருக்கும் வயலினை ஒரு நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, தந்திகளைத் தாங்கும் குதிரையைச் செதுக்கி உயரம் சரிசெய்து, உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியைச் சரியான இடத்தில் நிற்கவைத்து, தரமான தந்தி மாட்டினால் பாதிக் குறை போய்விடும். அடுத்த செலவு வில்லுக்கு. ஸ்பிக்காட்டோவில், அதாவது வில்லைத் தந்திமேல் துள்ளவிட்டு வாசிப்பதில், தானாகக் குதிக்காத வில்லோடு ஹெய்டன் வாசிக்க முடியாது; நல்ல கார்பன் ஃபைபர் வில் இந்த வெயிலிலும் வளையாது. ராயபுரம், காசிமேடு காற்றில் உப்பும் ஈரமும் கூடுதல். எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்தில் வில்லின் மயிர் நீளும், ஏசி ஸ்டூடியோவுக்குள் போனதும் சுருங்கும். இறுக்கியபடியே பெட்டியில் வைத்த மர வில் உடைவது அப்போதுதான். பிருடை ஈரத்தில் இறுகி, ஏசியில் நழுவும், அதற்கென்று விற்கும் பசை பென்சிலைத் தேய்த்தால் இரண்டுக்கும் சரிப்படும். கத்திரி வெயிலில் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சர்ச்சுக்குள் போய் வந்தால், உடலை ஒட்டியிருக்கும் வஜ்ஜிரப் பசை இளகித் தையல் திறந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பத மானியும் வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் அது 80-ஐத் தாண்டும், அந்த இரண்டு மாதம் வாரம் இரண்டு முறை பொட்டலத்தை மாற்ற வேண்டியிருக்கும்.